எக்ஸ் புரதமும் செல்லின் காவலரும்: வைரஸ் பாடத்துக்கு ஒரு கூடுதல் பக்கம்

வைரஸ் பாடம் நடத்தும்போது ஒரு கருத்து தவறாமல் வரும். வைரஸ்கள் தாமாகப் பெருக முடியாது; ஓம்புயிர் செல்லுக்குள் சென்றால்தான் பெருகும். மாணவர்கள் இதை எளிதில் சொல்லிவிடுவார்கள், தேர்விலும் பிழையில்லாமல் எழுதுவார்கள். "உள்ளே போன பிறகு என்ன செய்கிறது? செல் ஏன் அதற்கு இடம் கொடுக்கிறது?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்கு அவர்கள் காரணமல்ல. "செல்லைப் பயன்படுத்திக்கொள்கிறது" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் இடத்தில்தான் உண்மையான உயிரியல் இருக்கிறது.

உயர்நிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர் என்ற முறையில், சில ஆண்டுகளாக இந்த இடத்தில் ஒரு பாடவேளையைக் கூடுதலாக ஒதுக்கி வருகிறேன். பல வைரஸ்களைப் பட்டியலிடாமல் ஒரே வைரஸை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு புரதத்தை. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் எக்ஸ் புரதம்தான் அது. அந்தப் பாடவேளையை நான் நடத்தும் முறையையும், அதற்கு ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

ஏன் இந்த வைரஸ்?

முதல் காரணம், இது நம் மாணவர்களின் வீடுகளுக்கு அருகில் இருக்கும் நோய். உலகில் 2022ஆம் ஆண்டில் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள் என்றும், அந்த ஓராண்டில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தொற்று உள்ளவர்களில் பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் தெரியாது.

இரண்டாவது காரணம், இது மிகச் சிறியது. இதன் விட்டம் சுமார் 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 24,000 வைரஸ்களை வரிசையாக வைக்கலாம். இந்தக் கணக்கை மாணவர்களையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். அளவுகள் மீதான பிடிப்பு அவர்களுக்குத் தானாக வரும்.

இதன் மரபுத்தகவலும் அப்படியே சிறியது. மனிதச் செல்லின் ஒரு தொகுதி டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்து இணைகள் உள்ளன. இந்த வைரஸில் இருப்பவை சுமார் 3,200 மட்டுமே. ஒரு பக்கத்துக்கு 1,600 எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், வைரஸின் புத்தகம் இரண்டு பக்கம். மனிதனின் புத்தகம் 18 லட்சத்து 75 ஆயிரம் பக்கம். இரண்டு பக்கக் குறிப்புடன் வரும் ஒன்று, 18 லட்சம் பக்க நூலகத்தைத் தன் வேலைக்குத் திருப்புகிறது. எப்படி என்ற கேள்வி இப்போது மாணவர்களிடமிருந்தே வரும்.

இரண்டு பக்கத்தில் நான்கு மரபணுக்கள்

இந்த இரண்டு பக்கங்களுக்குள் நான்கு மரபணுக்கள் இருக்கின்றன: மேலுறைப் புரதத்துக்கான எஸ், உள்ளுறைப் புரதத்துக்கான சி, டிஎன்ஏவை உருவாக்கும் நொதிக்கான பி, கடைசியாக எக்ஸ். இடம் போதாததால் ஒரு மரபணுவின் எழுத்துகளே இன்னொரு மரபணுவின் எழுத்துகளாகவும் பயன்படுகின்றன. மொத்த எழுத்துகளில் பாதிக்கு மேல் இப்படி இரண்டு விதமாகப் படிக்கப்படுகின்றன.

இதை விளக்கத் தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. கரும்பலகையில் 'கவிதை' என்று எழுதுங்கள். முதல் எழுத்திலிருந்து இறுதிவரை படித்தால் கவிதை. முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்தினால் கவி. இரண்டாம் எழுத்திலிருந்து தொடங்கினால் விதை. மூன்றே எழுத்துகளில் மூன்று சொற்கள். எங்கே தொடங்குகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. இதுபோன்ற சொற்களைத் தேடிவரச் சொன்னால் மறுநாள் ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியலோடு வந்துவிடும்.

எக்ஸ் என்ற பெயரின் கதையும் மாணவர்களுக்குப் பிடிக்கும். மற்ற மூன்றின் வேலையும் ஓரளவு தெரிந்தபோது, நான்காவது மரபணு எதற்கு என்று தெரியவில்லை. கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் வைப்பதுபோல இதற்கும் பெயர் வந்தது. எக்ஸ் புரதத்தில் 154 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஹீமோகுளோபினின் ஒரு பீட்டா சங்கிலியில் 146. ஆகவே, எக்ஸ் அளவில் சாதாரணமான, சிறிய புரதம்தான்.

கல்லீரல் செல்லுக்குள் மூன்று இரவல்கள்

வைரஸ் செல்லுக்குள் வந்து பெருகும் வழியில் மூன்று இடங்களில் செல்லின் சொந்தப் பொருள்களை இரவல் வாங்குகிறது. இந்த மூன்றையும் படமாக வரைந்துகொண்டே சொல்வது என் வழக்கம்.

முதல் இரவல், கதவு. கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் பித்த உப்புகளை உள்ளே கொண்டுவரும் ஒரு கடத்துப் புரதம் இருக்கிறது. செரிமானத்துக்கு உதவும் பித்த உப்புகள் வீணாகாமல் திரும்பி வருவதற்கான வழி அது. வைரஸ் அதையே பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. இதை 2012இல் பெய்ஜிங்கைச் சேர்ந்த ஆய்வுக்குழு கண்டறிந்தது. இந்த வைரஸ் ஏன் கல்லீரலைத் தாக்குகிறது என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. அந்தக் கதவு கல்லீரல் செல்லில்தான் மிகுதியாக உண்டு.

இரண்டாம் இரவல், பழுதுபார்ப்பவர்கள். வைரஸ் கொண்டுவரும் டிஎன்ஏ வட்டம் முழுமையற்றது. ஓர் இழையில் இடைவெளி இருக்கும். அது உட்கருவுக்குள் சென்றதும், நம் டிஎன்ஏவில் ஏற்படும் சேதங்களைச் சரிசெய்யும் செல்லின் நொதிகளே அந்த இடைவெளியையும் அடைத்து ஒட்டிவிடுகின்றன. முழுமையான வட்ட டிஎன்ஏ உருவாகிறது. மாணவர்களிடம் இதை 'வளையல்' என்றே சொல்கிறேன்.

மூன்றாம் இரவல், தொழிற்சாலை. வளையலைப் பார்த்து ஆர்என்ஏ படியெடுப்பது செல்லின் நொதி. அந்த ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்வது செல்லின் ரைபோசோம். இப்படி உருவாகும் வைரஸின் பி நொதி, ஆர்என்ஏவிலிருந்து மீண்டும் டிஎன்ஏவை உருவாக்கும். இதைத் தலைகீழ் படியெடுத்தல் என்கிறோம். புதிய டிஎன்ஏ உறைக்குள் அடைக்கப்பட்டு வெளியேறுகிறது.

இதுவரை கேட்ட மாணவர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "செல்லுக்கு இது தெரியாதா சார்?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடவேளையே.

வளையலைக் கண்டுபிடிக்கும் காவலர்

செல்லின் உட்கருவில் எஸ்.எம்.சி. 5/6 என்ற புரதக் கூட்டமைப்பு இருக்கிறது. குரோமோசோம்களைப் பராமரிப்பதும், டிஎன்ஏ பழுதுபார்ப்பில் துணைநிற்பதும் அதன் அன்றாட வேலை. குரோமோசோமுடன் சேராமல் தனியாகக் கிடக்கும் வட்ட டிஎன்ஏவைக் கண்டால் அதைப் பற்றிக்கொண்டு, படியெடுத்தல் நடக்காமல் அடக்கிவிடும் திறனும் அதற்கு உண்டு. வகுப்பில் இதற்குக் 'காவலர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். காவலர் பிடித்தால் வளையல் இருந்தும் பயனில்லை. அதிலிருந்து ஆர்என்ஏ வராது, வைரஸும் வராது.

இங்கேதான் எக்ஸ் புரதம் வருகிறது. அது காவலருடன் நேரடியாகச் சண்டையிடுவதில்லை. செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாட்டைக் காவலர்மீது திருப்பிவிடுகிறது.

அந்த ஏற்பாட்டை முதலில் புரிய வைக்க வேண்டும். செல்லில் பழையதாகிப்போன, தேவையில்லாத புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படும். அதில் 76 அமினோ அமிலங்கள் மட்டுமே. இந்த அடையாளம் சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதத்தை, புரோட்டியசோம் என்ற ஆலை துண்டுதுண்டாக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக ஏரன் சீக்கானோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடையாளம் ஒட்டும் இயந்திரங்கள் பலவகை. அவற்றில் ஒன்றை மிக்சியோடு ஒப்பிட்டு விளக்குகிறேன். வீட்டு மிக்சியில் மோட்டார் ஒன்றுதான், ஜார்கள் மூன்று. சட்னி அரைக்க ஒன்று, மாவுக்கு ஒன்று, பொடிக்கு ஒன்று. எந்த ஜாரை மாட்டுகிறோமோ அந்த வேலை நடக்கும். செல்லின் அந்த இயந்திரத்திலும் டி.டி.பி. 1 என்ற புரதம் ஜார் மாட்டும் இடம்போல இருக்கிறது. வெவ்வேறு புரதங்கள் அங்கே வந்து மாட்டிக்கொண்டு, "இதற்கு அடையாளம் ஒட்டு" என்று வெவ்வேறு இலக்குகளைக் காட்டுகின்றன.

எக்ஸ் புரதம் வெளியிலிருந்து வந்த ஜார். அதன் ஒரு சிறு பகுதி டி.டி.பி. 1இல் கச்சிதமாகப் பொருந்துகிறது. மோட்டார் வீட்டுடையது, மின்சாரமும் வீட்டுடையது, ஜார் மட்டும் வெளியாருடையது. அது காட்டும் இலக்கு காவலர். இயந்திரம் வழக்கம்போலக் காவலர்மீது அடையாளம் ஒட்டுகிறது. ஆலை வழக்கம்போல அவரைச் சிதைக்கிறது. காவலர் இல்லாத வளையலிலிருந்து படியெடுத்தல் தொடங்குகிறது.

எப்படித் தெரிந்தது?

அறிவியல் ஆசிரியராக நான் விடாமல் நடத்தும் பகுதி இது. இந்த விளக்கத்தை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தவர்களும் 2016இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் வாதத்தின் எலும்புக்கூட்டை மூன்று வரிகளில் கரும்பலகையில் எழுதலாம்.

1. எக்ஸ் உள்ள வைரஸ், காவலர் உள்ள செல்: காவலர் குறைகிறார், வைரஸ் மரபணுக்கள் இயங்குகின்றன.
2. எக்ஸ் இல்லாத வைரஸ், காவலர் உள்ள செல்: வைரஸ் மரபணுக்கள் அடங்கிக் கிடக்கின்றன.
3. எக்ஸ் இல்லாத வைரஸ், ஆய்வாளர்களே காவலரைக் குறைத்த செல்: வைரஸ் மரபணுக்கள் மீண்டும் இயங்குகின்றன.

முதல் இரண்டு வரிகளை மட்டும் எழுதிவிட்டு, "எக்ஸ் காவலரை அகற்றுவதால்தான் வைரஸ் இயங்குகிறது என்று இப்போதே சொல்லலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஆம் என்பார்கள். சிலர், எக்ஸ் வேறு ஏதாவது செய்து வைரஸை இயக்கியிருக்கலாமே, காவலர் குறைந்தது தற்செயலாக இருக்கலாமே என்பார்கள். அந்தச் சிலரைப் பேச விடுங்கள். பிறகு மூன்றாம் வரியை எழுதுங்கள். காவலர் இல்லையென்றால் எக்ஸே தேவையில்லை என்று தெரிந்தபிறகு, வாதம் எங்கே உறுதிப்படுகிறது என்பதை வகுப்பே சொல்லிவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: ஒரு வளையல், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு, ஒரு வாளி, காகிதச் சீட்டுகள், கடிகாரம்.

நடிப்பவர்கள் ஆறு பேர். வளையலை ஏந்துபவர் வைரஸ் டிஎன்ஏ. அருகில் நின்று சீட்டில் 'கவிதை' என்று எழுதி வாளியில் போடுபவர் படியெடுப்பவர். வளையலைக் கையால் மூடுபவர் காவலர். பொட்டு அட்டையுடன் நிற்பவர் மோட்டார். மோட்டாரின் தோளில் கைவைத்து, பழுதான புரதங்களை (கசங்கிய காகிதங்களை) காட்டுபவர் செல்லின் சொந்த ஜார். ஆறாமவர் எக்ஸ். மற்ற மாணவர்கள் பார்வையாளர்களாக இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் விழும் சீட்டுகளை எண்ணி அட்டவணையில் பதிய வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஒரு நிமிடம்.

சுற்று 1: காவலரும் இல்லை, எக்ஸும் இல்லை. படியெடுப்பவர் முடிந்தவரை எழுதுவார்.

சுற்று 2: காவலர் வந்து வளையலை மூடுகிறார். சீட்டு ஒன்றும் விழாது.

சுற்று 3: காவலர் மூடியிருக்கும்போதே எக்ஸ் வந்து, செல்லின் ஜாரை விலக்கிவிட்டு மோட்டாரின் தோளைப் பிடித்துக் காவலரைக் காட்டுகிறார். மோட்டார் காவலரின் கையில் மூன்று பொட்டுகளை ஒட்டுகிறார். மூன்று பொட்டு ஒட்டப்பட்டவர் வெளியேற வேண்டும் என்பது ஆலையின் விதி. அதன்பிறகு சீட்டுகள் விழும்.

சுற்று 4: எக்ஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். மோட்டாரைப் பிடிக்க முடியாது. காவலர் அசையமாட்டார்; சீட்டு விழாது.

நான்கு சுற்றுகளின் எண்ணிக்கையையும் பட்டை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். கரும்பலகையில் உள்ள மூன்று வரிகளில் எது எந்தச் சுற்றுக்குப் பொருந்துகிறது என்று கேளுங்கள். நான்காம் சுற்றிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும்: எக்ஸின் கையைக் கட்டும் மருந்து ஒன்று இருந்தால்? எக்ஸும் டி.டி.பி. 1உம் பிடித்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள்களை ஆய்வகங்களில் உண்மையிலேயே தேடிவருகிறார்கள் என்று சொல்லுங்கள்.

செயல்பாடு முடிந்ததும் ஒரு எச்சரிக்கை தேவை. 'திருடுகிறது', 'ஏமாற்றுகிறது' என்பவை நம் சொற்கள். வைரஸுக்குத் திட்டமும் இல்லை, தந்திரமும் இல்லை. காவலரை அகற்றும் புரதத்தைத் தற்செயலாகப் பெற்ற வைரஸ்கள் அதிகம் பெருகின, மற்றவை பெருகவில்லை. பரிணாமப் பாடத்தின் இயற்கைத் தேர்வை இங்கே நினைவூட்டலாம்.

நோயும் மருந்தும் தடுப்பூசியும்

இந்த வைரஸ் பொதுவாகக் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. பாதிக்கப்பட்ட செல்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்கும்போதுதான் பெரும்பாலான சேதம் ஏற்படுகிறது. அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கல்லீரல் இறுக்கம், கல்லீரல் புற்றுநோய் வரை செல்லலாம்.

இப்போதுள்ள டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் தலைகீழ் படியெடுத்தலைத் தடுக்கின்றன. அதனால் புதிய வைரஸ் உருவாவது வெகுவாகக் குறைந்து, கல்லீரல் காக்கப்படுகிறது. ஆனால் உட்கருவில் உள்ள வளையலை அவை அகற்றுவதில்லை. பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுக்க வேண்டியிருப்பதற்கும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்புவதற்கும் காரணம் இதுதான். செயல்பாட்டைச் செய்த மாணவர்கள், "வளையல் இருக்கும்வரை திரும்ப வரும்" என்று தாங்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே, வளையல் உருவாகும் முன்பே தடுப்பதுதான் சிறந்த வழி. குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் தொற்று ஏற்பட்டால் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்ட தொற்றாகிவிடுகிறது. பெரியவர்களில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியோடு தொடர்கிறது. இந்தியாவில் பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் முதலில் தொடங்கப்பட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான்.

தடுப்பூசிக்குள் வைரஸ் இல்லை. ஈஸ்ட் செல்களில் தயாரித்த மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது. டிஎன்ஏ இல்லாததால் வளையல் உருவாகாது, எக்ஸும் உருவாகாது. தடுப்பூசியால் நோய் வருமோ என்று பெற்றோர் கேட்டால் மாணவர்களே இந்த விளக்கத்தைச் சொல்லலாம். பயனுக்கு ஒரு சான்று தைவான். அங்கு 1984இல் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளில் ஆண்டுக்கு லட்சத்தில் 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், பத்தாண்டுகளுக்குள் 0.36 ஆகக் குறைந்தது.

வகுப்பில் வரும் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: "மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?" கேலி செய்யாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மஞ்சள் காமாலை ஓர் அறிகுறி, காரணங்கள் பல. ஏ, இ வகை வைரஸ்கள் அசுத்தமான நீர், உணவு வழியாகப் பரவுகின்றன. அவற்றிலிருந்து பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே குணமடைவார்கள். எந்த இலையைச் சாப்பிட்டிருந்தாலும் பெருமை அந்த இலைக்குப் போய்விடும்.

கீழாநெல்லியை அறிவியலும் புறக்கணிக்கவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தை முதன்முதலில் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதைச் சோதித்தார். 1988இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கும் ரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு முடிவு மற்றவர்கள் செய்தாலும் வர வேண்டும் என்ற அறிவியல் விதியை விளக்க, நம் ஊரிலேயே நடந்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. காமாலை வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் காதில் ரகசியமாக வரும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பா ரத்ததானம் செய்யச் சென்ற இடத்தில் 'மஞ்சள் காமாலை பி' என்று சொல்லிவிட்டார்கள் என்று ஒரு தோழியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளில் மதிய உணவு நேரத்தில் அவளருகில் யாரும் உட்காரவில்லை. "அவங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒட்டிக்கும்னு சொல்றாங்க மிஸ், நிஜமா?" என்று என்னிடம் கேட்டது வேறொரு மாணவி. அவள் பெயரையோ குடும்பத்தையோ குறிப்பிடாமல், அன்றே பரவும் வழிகளை மொத்த வகுப்புக்கும் பாடமாக நடத்தினேன். மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுடைய அம்மாவை வரவழைத்து, வீட்டில் உள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடைமுறையில் இருப்பதால், அரசு மருத்துவமனை வழியாகப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் தெரிவித்தேன்.

நாம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை இவை. ஹெபடைட்டிஸ் பி சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. பக்கத்தில் உட்காருவதால், கை குலுக்குவதால், கட்டிப்பிடிப்பதால், இருமல் தும்மலால் பரவாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், தொற்றுள்ள ரத்தத்தாலும், சுத்தம் செய்யாத ஊசியாலும், பாதுகாப்பற்ற உடலுறவாலும் பரவும். சவர பிளேடு, பல் துலக்கி, காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றைப் பகிரக் கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கு

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு எக்ஸ் புரதம் தேவைப்படாது. ஆனால் மூன்று பழக்கங்களை அந்த வயதிலேயே கற்றுத்தரலாம். கீழே விழுந்து அடிபட்ட நண்பனின் ரத்தத்தை வெறும் கையால் தொடாமல் ஆசிரியரை அழைப்பது. பல் துலக்கியைப் பகிராமல் இருப்பது. உடல்நலமில்லாத வீட்டுப் பிள்ளையை ஒதுக்காமல் இருப்பது. இந்த வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் வீரியத்துடன் இருக்கக்கூடியது. அதனால் முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்க வேண்டும். தரையில் சிந்திய ரத்தத்தை பிளீச்சிங் கரைசலால் சுத்தம் செய்ய வேண்டும். யாருக்குத் தொற்று இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றினால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. எக்ஸ் புரதம் காவலரை நேரடியாக அழிக்கிறதா? இரண்டு வாக்கியங்களில் விளக்குக.
2. வைரஸ் செல்லிடமிருந்து இரவல் பெறும் மூன்றையும் படம் வரைந்து குறிக்க.
3. ஆய்வின் மூன்றாம் வரி இல்லாவிட்டால் எந்த ஐயம் மீதமிருக்கும்?
4. தடுப்பூசியால் ஹெபடைட்டிஸ் பி நோய் வர முடியாது. ஏன்?
5. உன் நண்பரின் வீட்டில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. நண்பரோடு சேர்ந்து சாப்பிடலாமா? காரணம் எழுதுக.

ஐந்தாவது வினாவுக்கு "சாப்பிடலாம்" என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் தருகிறேன். வைரஸ் எந்த வழியில் பரவுகிறது என்ற காரணத்தையும் எழுத வேண்டும். ஆசிரியர் சொன்னதற்காகச் சேர்ந்து உட்காரும் பிள்ளை, அடுத்த வதந்தி வந்ததும் எழுந்துவிடலாம். காரணம் தெரிந்த பிள்ளை அந்த வதந்தியைச் சொன்னவருக்கும் விளக்கிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரும்.

பிறந்தபோது போட்ட தடுப்பூசி அட்டையை வீட்டில் கேட்டுப் பார்த்துவரச் சொல்வதை வீட்டுப்பாடமாகத் தரலாம். அட்டை இல்லாத பிள்ளைகளை வகுப்பில் கேட்காமல், தனியே அழைத்துப் பேசி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுங்கள். உலக ஹெபடைட்டிஸ் நாளான ஜூலை 28 பாரூக் புளூம்பெர்க்கின் பிறந்தநாளும்கூட. அந்த வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் பொருத்தமாக இருக்கும்.